சங்கத்தின் குதிரைப் பாதையில் ஒருவர் விழுந்தால் யாருடைய காப்பீடு தரும்?

கேள்வி: தெற்குக் கலிஃபோர்னியாவில் மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறோம். 72 வீடுகள், 11 வீடுகளில் குதிரை உண்டு. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொது நிலத்தில் சுமார் 3 மைல் குதிரைப் பாதையும் வேலி போட்ட சவாரிக் களமும் இருக்கின்றன. இந்த ஆண்டு நான் போர்டில் பொருளாளர். சங்கத்தின் பொறுப்புக் காப்பீடு 10 லட்சம் டாலருக்கு இருக்கிறது. புதுப்பிக்க இன்னும் 10 வாரம். புரோக்கர் அனுப்பிய புதிய மதிப்பீட்டில் குதிரையால் வரும் காயங்களுக்குக் காப்பீடு கிடையாது என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். பாதையை மூடிவிடலாம் என்கிறார்கள் சிலர். சவாரி செய்கிறவர்களிடம் ‘விழுந்தால் வழக்குப் போட மாட்டேன்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். குதிரை வைத்திருக்கிற 11 வீட்டாரே செலவை ஏற்கட்டும் என்கிறார்கள் மற்றவர்கள். பக்கத்து வீட்டு அம்மா களத்தில் மணிக்கு 60 டாலர் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித் தருகிறார். என் 9 வயது மகளும் அங்கே பழகுகிறாள். எங்கள் வீட்டுக் காப்பீட்டைப் பழைய நிறுவனம் புதுப்பிக்க மறுத்துவிட்டதால் இப்போது ஃபேர் பிளானில் (வேறெங்கும் வீட்டுக் காப்பீடு கிடைக்காதவர்களுக்கான மாநிலத் திட்டம்) இருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

குதிரைக் காயங்களை விலக்கும் அந்தப் பக்கத்தோடு வந்திருக்கும் மதிப்பீட்டை போர்டு ஏற்கக் கூடாது. அதிலிருந்து தொடங்குங்கள். பாதையை மூடுவதா, கையெழுத்து வாங்குவதா என்பதெல்லாம் அடுத்த கூட்டத்திலும் பேசலாம். இது மட்டும் தள்ளிப்போட முடியாதது. அந்த ஒரு பக்கம் சங்கத்தின் காப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை, குதிரையே இல்லாத 61 வீட்டாருக்கும் சட்டம் கொடுத்திருக்கிற காப்பையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது.

அமெரிக்காவின் மிகப் பெரும்பாலான மாநிலங்களில் குதிரைச் சவாரிக்கென்றே பொறுப்புச் சட்டம் உண்டு. குதிரை மிரளும், உதைக்கும், இடறும்; அதன் இயல்பால் வருகிற காயத்துக்குக் குதிரைக்காரர் பொறுப்பல்ல என்பது அந்தச் சட்டங்களின் சாரம். டெக்ஸாஸில் லாய வாசலில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகை அங்கிருந்து வந்ததுதான். கலிஃபோர்னியாவிலும் மேரிலாந்திலும் அப்படியொரு சட்டம் கிடையாது. ஆகவே வேறு மாநிலத்துப் பலகையை வாங்கி உங்கள் களத்தில் மாட்டினால், அது எச்சரிக்கையாக இருக்கும். சட்டக் கவசமாக இருக்காது.

உங்கள் மாநிலத்தில் அந்த இடத்தை நீதிமன்றத் தீர்ப்புகள் ஓரளவு நிரப்புகின்றன. ஒரு விளையாட்டோடு கூடவே பிறந்த ஆபத்தை அதில் இறங்குகிறவரே ஏற்றுக்கொள்கிறார் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1992-ல் சொன்னது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் வாடகைக் குதிரை மிரண்டு ஒருவர் விழுந்த வழக்கில் அதைப் பயன்படுத்தியது. 2009-ல் விருந்துக்கு வந்த இடத்தில் குதிரையேறி விழுந்தவருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. ஆனால் இந்த விதிக்கு ஒரு எல்லை இருக்கிறது. இயல்பான ஆபத்துக்கு மேல் ஆபத்தைக் கூட்டியவர் தப்ப முடியாது. இலை சலசலத்து மிரண்டால் அது குதிரையின் இயல்பு. களத்தின் ஓரத்தில் சங்கம் வைத்த ஸ்பிரிங்க்ளர் பயிற்சி நேரத்தில் டைமர் வழியே சீறி, அதனால் மிரண்டால்? தாழ்ப்பாள் உடைந்ததாக மூன்று மாதமாகப் புகார் இருந்தும் சரிசெய்யாத கதவு வழியே குதிரை தெருவுக்கு ஓடினால்? இவை சங்கம் சேர்த்த ஆபத்துகள். வழக்கு வந்தால் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

சங்கம் ஜெயிக்கக்கூடிய வழக்கிலும் வக்கீல் செலவு இருக்கிறது. பொறுப்புக் காப்பீட்டில் நஷ்ட ஈட்டுத் தொகையை மட்டுமே எல்லோரும் பார்க்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் தன் செலவில் வக்கீல் வைத்து உங்களுக்காக வாதாட வேண்டும் என்ற கடமை அதே அளவுக்கு மதிப்புள்ளது. விலக்குப் பிரிவு வந்துவிட்டால் அந்தக் கடமையும் போய்விடுகிறது. முதல் வக்கீல் பில்லிலிருந்தே சங்கத்தின் கையிருப்பு கரையத் தொடங்கும்.

இனி அந்த 61 வீட்டாரின் விஷயம். 1985-ல் கலிஃபோர்னியாவில் ஒரு தீர்ப்பு வந்தது. குதிரை மீது கார் மோதி அதிலிருந்தவர்கள் காயப்பட்டார்கள். பொது நிலத்தில் 2,500-ல் ஒரு பங்கு மட்டுமே வைத்திருந்த ஒருவர் மீதும் வழக்குப் போட்டார்கள். நிர்வாகத்தைச் சங்கத்திடம் விட்டுவிட்டேன், எனக்கு என்ன சம்பந்தம் என்று அவர் விலகிக்கொள்ள முடியாது, கூட்டு உரிமையாளரும் பொறுப்பாளிதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நிலையிலிருந்து உரிமையாளர்களைக் காக்கிற சட்டம் இன்று, வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கான கலிஃபோர்னியாவின் டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டத்தின் 5805-ஆம் பிரிவில் இருக்கிறது: பொது இடத்தின் கூட்டு உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக யார் மீதும் தனியே வழக்குப் போட முடியாது, சங்கத்தின் மீதுதான் போட வேண்டும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 100 வீடும் அதற்குக் குறைவும் உள்ள சங்கம் குறைந்தது 20 லட்சம் டாலருக்கும், 100-க்கு மேற்பட்ட சங்கம் 30 லட்சம் டாலருக்கும் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். அதுவும் எந்த வழக்கு வருகிறதோ அந்த வழக்குக்குச் செல்லுபடியாகிற காப்பீடாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையில் உங்கள் சங்கம் இப்போதே தவறியிருக்கிறது. உங்களிடம் இருப்பது 10 லட்சம். தேவை 20 லட்சம். நல்ல வேளையாக, ஒரே பாலிசியில் அந்தத் தொகை இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அடிப்படைப் பாலிசிக்கு மேலே 10 லட்சத்துக்கு ஒரு அம்பர்லா பாலிசி எடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் இருபது லட்சம் என்ன, ஐம்பது லட்சத்துக்கு எடுத்தாலும், குதிரைக் காயம் விலக்கப்பட்டிருந்தால் குதிரை வழக்குக்கு அங்கே காப்பீடு இல்லை. 5805-ன் பாதுகாப்பும் ஆட்டம் காணும். இதை போர்டு கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். குதிரை வைத்திருக்கிறவர்களே கட்டட்டும் என்கிறவர்களுக்கும் இதுவே பதில். பொது நிலத்துக்கான காப்பீடு 72 வீட்டாரையும் காக்கிறது, ஆகவே பொதுச் செலவாகத்தான் இருக்க வேண்டும். களத்தின் மணல், வேலி போன்ற பராமரிப்புக்குப் பயன்படுத்துகிறவர்களிடம் தனிக் கட்டணம் வாங்குவது வேறு விஷயம். சங்க விதிகள் இடம் கொடுத்தால் செய்யலாம்; ஆனால் உண்மைச் செலவுக்கு மேல் ஒரு டாலர் வாங்கவும் 5600-ஆம் பிரிவு அனுமதிக்காது.

போர்டு உறுப்பினர் என்ற முறையில் உங்களுக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு 5800-ஆம் பிரிவில் இருக்கிறது. சம்பளமின்றி, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட போர்டு உறுப்பினர் காப்பீட்டுத் தொகைக்கு மேல் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. அதற்கும், 100 வீடுவரை உள்ள சங்கத்தில், பொதுப் பொறுப்புக் காப்பீடும் போர்டு உறுப்பினர் பொறுப்புக் காப்பீடும் 5 லட்சம் டாலருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தவறு நடந்த நாளிலும் கோரிக்கை வந்த நாளிலும் இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும். போர்டு உறுப்பினர் காப்பீடு நிர்வாக முடிவுகள் பற்றிய வழக்குகளுக்கானது. விழுந்தவரின் முறிந்த இடுப்பெலும்புக்கு அது வராது. உடற்காயத்தை அந்தப் பாலிசிகள் பொதுவாக விலக்கியே வைத்திருக்கும்.

காப்பீடில்லாமல் தோற்றால் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். 15 லட்சம் டாலர் தீர்ப்பு என்று வையுங்கள். 72-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 20,833 டாலர். நீதிமன்ற ஆணைப்படி கொடுக்க வேண்டிய பணத்தை உறுப்பினர் ஓட்டெடுப்பு இல்லாமலே அவசரச் சிறப்பு வரியாக வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. சாதாரண வீட்டுப் பாலிசியில் இதற்கென்று லாஸ் அசெஸ்மென்ட் என்ற ஒரு பகுதி இருக்கும். அதன் வழக்கமான தொகை 1,000 டாலர். எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு இணைத்து அதை மாற்றும் படிவம்) வாங்கி அதைக் கூட்டிக்கொள்ளலாம், விலையும் அதிகம் இல்லை. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஏஜென்டிடம் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று அடுத்த சுற்றறிக்கையில் எழுதுங்கள்.

புரோக்கரிடம் என்ன கேட்பது? முதல் பக்கத்தில் இருக்கும் தொகைகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாலிசியின் கடைசியில் எண்டார்ஸ்மென்ட் பட்டியல் இருக்கும்; அதில் உள்ள ஒவ்வொரு படிவத்தின் முழு வாசகத்தையும் வாங்குங்கள். நீங்கள் தேட வேண்டியவை மூன்று. முதலாவது, விலங்கு அல்லது குதிரை விலக்கு. இதன் வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குதிரையேறி இருப்பவருக்கு மட்டும் மறுக்கிறதா, குதிரை இடித்துத் தள்ளிய நடைப்பயணிக்கும் மறுக்கிறதா என்று சொல் சொல்லாகப் படியுங்கள். இரண்டாவது, சி.ஜி. 21 01 என்ற எண்ணுள்ள விளையாட்டாளர் விலக்கு. சங்கம் நடத்துகிற போட்டியிலோ காட்சியிலோ கலந்துகொள்கிறவரின் காயத்தை அது விலக்கும். ஆண்டுக்கொரு முறை குதிரை விழா நடத்துகிற சங்கமாக இருந்தால் அந்த ஒரு நாளுக்குத் தனி நிகழ்ச்சிக் காப்பீடு எடுக்க வேண்டிவரும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: சி.ஜி. 21 44. பட்டியலில் எழுதிய இடங்களுக்கு மட்டுமே காப்பீடு என்கிற படிவம் அது. பட்டியலில் கிளப் ஹவுஸ் முகவரி ஒன்றை மட்டும் எழுதி வைத்திருந்தால், 3 மைல் பாதை காப்பீட்டுக்கு வெளியே கிடக்கிறது. பாதை போகும் ஒவ்வொரு நிலத் துண்டின் எண்ணையும் களத்தையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

விலக்கை எடுக்க அந்த நிறுவனம் மறுத்தால் இரண்டு வழி. குதிரைப் பாதை உள்ள குடியிருப்புகளுக்குக் காப்பீடு தருகிற வேறு நிறுவனத்துக்கு மாறுவது ஒன்று. ரோலிங் ஹில்ஸ், ஹிடன் ஹில்ஸ், ராஞ்சோ சாண்டா ஃபே என்று உங்கள் பகுதியிலேயே பல தலைமுறையாகக் குதிரைப் பாதை வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு, ஆகவே இது யாரும் கேள்விப்படாத கோரிக்கை அல்ல. பொதுப் பாலிசியை அப்படியே வைத்துக்கொண்டு, பாதைக்கும் களத்துக்கும் மட்டும் குதிரைத் துறைக்கான தனிப் பொறுப்புப் பாலிசி எடுப்பது இன்னொன்று. இரண்டாவதில் அம்பர்லா இந்தத் தனிப் பாலிசிக்கும் மேலே உட்காருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். உட்காரவில்லை என்றால் 20 லட்சக் கணக்கு குதிரைக்கு மட்டும் குறைந்துபோகும். சர்ப்ளஸ் லைன்ஸ் நிறுவனத்திடம் (மாநில உரிமம் பெறாத காப்பீட்டு நிறுவனம்) போக நேர்ந்தால், அது திவாலானால் மாநில உத்தரவாத நிதி கைகொடுக்காது என்பதை நினைவில் வைத்து அதன் நிதித் தரமதிப்பீட்டைப் பார்த்துவிடுங்கள். 10 வாரம் என்பது தாராளம் இல்லை. பாதையின் வரைபடம், களத்தின் புகைப்படங்கள், சங்கத்தின் சவாரி விதிகள், கடந்த 5 ஆண்டுக் கோரிக்கை வரலாறு ஆகிய நான்கையும் இந்த வாரமே புரோக்கர் கையில் கொடுங்கள். வெறுங்கையோடு போனால் ‘முடியாது’ என்ற பதில் சீக்கிரம் வரும்.

பாதையை மூடுவது போர்டின் கையில் இருக்கிறதா என்பதே சந்தேகம். குடியிருப்பின் மூலப் பத்திரத்தில் குதிரைப் பாதையைப் பயன்படுத்தும் உரிமை எழுதப்பட்டிருந்தால், அதை போர்டு தீர்மானத்தால் பறிக்க முடியாது. பத்திரத்தையே உறுப்பினர் ஓட்டால் திருத்த வேண்டும். குதிரைக்காக அங்கே வீடு வாங்கியவர் சும்மா இருக்கவும் மாட்டார். காயத்துக்கு வரும் வழக்குக்குப் பயந்து உரிமை பறிப்புக்கு வரும் வழக்கை வாங்கிக்கொள்வானேன்? அத்தோடு, பலகை மாட்டி மூடிய பாதையிலும் சிலர் போவார்கள். பராமரிப்பும் நின்றுபோன அந்தப் பாதை முன்னைவிட மோசம். மூடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையெழுத்துப் படிவத்துக்குக் கலிஃபோர்னியாவில் மதிப்பு உண்டு. தெளிவாக எழுதிய படிவத்தில் வயதுவந்தவர் கையெழுத்திட்டால் சாதாரண கவனக்குறைவுக்கான வழக்கை அது தடுக்கும். பிள்ளைக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்தும் இங்கே செல்லும். பல மாநிலங்களில் அப்படி இல்லை. ஆனால் சாண்டா பார்பரா நகரம் சம்பந்தப்பட்ட 2007-ஆம் ஆண்டு வழக்கில், படுமோசமான அலட்சியத்துக்கு எந்தப் படிவமும் காப்பாகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த உடைந்த தாழ்ப்பாளையும் மூன்று மாதப் புகாரையும் இங்கே பொருத்திப் பாருங்கள். இன்னொன்று, படிவம் கட்டுப்படுத்துவது அதில் கையெழுத்திட்டவரைத்தான். ஓடிய குதிரை தள்ளிவிட்ட முதியவரோ, அதன் மீது மோதிய காரில் இருந்தவரோ எதிலும் கையெழுத்திடவில்லை. ஆகவே படிவம் வேண்டும், ஆனால் காப்பீட்டுக்குப் பதிலாக அல்ல. படிவத்தில் சங்கம், போர்டு உறுப்பினர்கள், நிர்வாக நிறுவனம், பாதை கடக்கும் நிலங்களின் உரிமையாளர்கள் ஆகிய அனைவரின் பெயரோ விவரமோ இருக்க வேண்டும். தனித் தாளாக, பெரிய எழுத்தில், உங்கள் மாநில வக்கீல் எழுதியதாக இருக்கட்டும். கட்டாயமாக்குவதென்றால் அது ஒரு விதி மாற்றம். குறைந்தது 28 நாள் முன்னதாக உறுப்பினர்களுக்கு அறிவித்து, கருத்துக் கேட்டு, கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டும். 10 வாரத்தில் இந்த 28 நாளையும் கழித்துக்கொள்ளுங்கள்.

அதே விதியில் குதிரை வைத்திருக்கும் 11 வீட்டாருக்கும் ஒரு கடமை எழுதலாம். வீட்டுப் பாலிசியில் தனிநபர் பொறுப்பு குறைந்தது 3 லட்சம் டாலர் இருக்கட்டும். 10 லட்சத்துக்கு அம்பர்லா வைக்கும்படி ஊக்குவியுங்கள். பல வீட்டுப் பாலிசிகளில் பொறுப்புத் தொகை வெறும் 1 லட்சத்தில் நின்றிருக்கும். பாலிசியின் முதல் பக்க நகலோடு, ‘எங்கள் குதிரைகளுக்குப் பொறுப்பு விலக்கு இல்லை’ என்று காப்பீட்டு நிறுவனமே எழுதிய கடிதமும் வேண்டும். நாயினத்துக்கு விலக்கு வைப்பது போலவே குதிரைக்கு விலக்கு வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அம்பர்லா அந்த விலக்கை அப்படியே பின்பற்றலாம். அப்படிப்பட்டவர்கள் தனிநபர் குதிரை உரிமையாளர் பொறுப்புப் பாலிசி என்று தனியே கிடைப்பதை வாங்க வேண்டும். வழக்கமான வீட்டுப் பாலிசி வாசகத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. உங்கள் அனுமதியோடு உங்கள் குதிரையைப் பிடித்துப் போகிறவர் அதனால் இன்னொருவருக்குக் காயம் ஏற்படுத்தினால், அவருக்கும் உங்கள் பாலிசி காப்பாகும். ஆனால் பணத்துக்காகச் செய்யும் வேலைக்கு அது வராது.

பாடம் சொல்லித் தரும் உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் சிக்கல் அங்கேதான். வீட்டுப் பாலிசி தொழிலை விலக்குகிறது. பரவலாகப் புழங்கும் படிவத்தில், பாலிசி தொடங்கும் முன் 12 மாதத்தில் 2,000 டாலருக்கு மேல் வாங்கியிருந்தால் அது தொழில். மணிக்கு 60 டாலர் என்றால் ஆண்டில் 34 மணி நேரம் சொல்லிக்கொடுத்தாலே தாண்டிவிடும். வாரம் ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போதும். அவர் தன்னிடம் காப்பீடு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கலாம். அவருக்கு வேண்டியது குதிரைப் பயிற்சியாளர்களுக்கான வணிகப் பொறுப்புப் பாலிசி. விபத்து ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் என்பது சங்கம் கேட்கக்கூடிய நியாயமான தொகை. பிறர் குதிரையைத் தன் லாயத்தில் கட்டிப் பராமரித்தால், அந்தக் குதிரைக்கு நேரும் சேதத்துக்கு இன்னொரு தனிக் காப்பீடு வேண்டும். தன் பொறுப்பில் இருக்கும் பிறர் பொருளைப் பொறுப்புப் பாலிசி பொதுவாகக் கைவிட்டுவிடும். சம்பளத்துக்கு ஒரே ஒரு உதவியாள் வைத்திருந்தாலும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு கலிஃபோர்னியாவில் கட்டாயம்.

அவர் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து கொடுப்பார். அக்கார்ட் 25 என்ற அந்த ஒற்றைத் தாளை வாங்கிக் கோப்பில் வைத்ததோடு வேலை முடிந்ததாகப் பல போர்டுகள் நினைக்கின்றன. எந்த உரிமையும் தராத வெறும் தகவல் தாள் இது என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அவருடைய பாலிசியில் சங்கத்தை அடிஷனல் இன்ஷூர்டாக, அதாவது அதே பாலிசியின் காப்பு பெறும் இன்னொரு தரப்பாக, சேர்க்கும் எண்டார்ஸ்மென்டின் நகல். அவருடைய பாலிசியே முதலில் பணம் தர வேண்டும், சங்கத்தின் பாலிசி பிறகுதான் என்ற வாசகமும் அதில் இருக்கட்டும். பிறகு களத்தைப் பயன்படுத்த எழுத்து மூலம் ஒரு உரிமம் கொடுங்கள்: எந்த நேரம், ஒரே சமயத்தில் எத்தனை பிள்ளைகள், காப்பீடு நின்றால் அன்றே உரிமமும் நிற்கும் என்ற நிபந்தனை. அந்த நேரத்தில் மற்றவர்கள் உள்ளே வரக் கூடாது என்று மட்டும் எழுதாதீர்கள். பொது இடத்தை ஒருவருக்கு மட்டுமாக ஒதுக்க, சில விதிவிலக்குகள் தவிர, 67 விழுக்காடு உறுப்பினர் ஓட்டு வேண்டும். போர்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்ப்பதையும் இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்தால் பார்ப்பதும், வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் புகைப்படம் எடுப்பதும் அதே இடங்களைத்தான். பாதைக்கு மேலே 10 அடிக்குத் தாழ்வாகக் கிளை தொங்கக் கூடாது. தரையில் நிற்கிறவர் கண்ணுக்கு உயரமாகத் தெரிவது குதிரை மேல் இருப்பவரின் கழுத்துக்கு நேரே வரும். பாதையோரம் முள்கம்பி இருந்தால் அகற்றுங்கள். கதவுத் தாழ்ப்பாள் குதிரையின் உதட்டுக்கு அகப்படாததாக இருக்கட்டும். விரலில்லாமலே தாழ்ப்பாள் திறக்கப் பழகிய குதிரைகள் உண்டு. களத்தை ஒட்டிய ஸ்பிரிங்க்ளர் டைமரை இரவுக்கு மாற்றுவது ஐந்து நிமிட வேலை. இலை ஊதும் இயந்திரத்தோடு தோட்டக்காரர்கள் வருகிற நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பலகையில் எழுதுங்கள். நாய்க்குக் கயிறு கட்டாயம். மின் சைக்கிளும் கோல்ஃப் வண்டியும் குதிரைப் பாதையில் வேண்டாம். மாதம் ஒரு முறையும் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒருவர் நடந்து பார்த்து, தேதியோடு படம் எடுத்து, கண்ட குறையையும் அது சரிசெய்த நாளையும் எழுதி வைக்க வேண்டும். குறையை எழுதிவிட்டுச் சரிசெய்யாமல் விடுவது மிகக் கெட்டது. உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே சாட்சி ஆகிவிடும்.

தலைக்கவச விதியை எழுதும்போது ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 தரமுள்ள குதிரைச் சவாரி ஹெல்மெட் என்று குறிப்பிடுங்கள். சைக்கிள் ஹெல்மெட் போதாது. 18 வயதுக்குட்பட்டவர் தார்ச் சாலையில் குதிரையேறினால் ஹெல்மெட் வேண்டும் என்று மாநில வாகனச் சட்டமே சொல்கிறது. ஆனால் அது பொதுச் சாலையைப் பற்றியது. கேட்டுக்குள் இருக்கும் உங்கள் பாதைக்கும் களத்துக்கும் சங்கம்தான் விதி எழுத வேண்டும்.

கடைசியாக உங்கள் வீடு. ஃபேர் பிளான் தீ, புகை, மின்னல் போன்ற சேதங்களுக்கான பாலிசி. தனிநபர் பொறுப்பு அதில் இல்லை. உங்கள் மகள் ஓட்டிப் போன குதிரை யாரையாவது இடித்தாலும் சரி, உங்கள் முற்றத்தில் விருந்தாளி வழுக்கி விழுந்தாலும் சரி, ஃபேர் பிளான் மட்டுமே இருந்தால் உங்களுக்காக வக்கீல் வைக்க எந்தப் பாலிசியும் இல்லை. ஃபேர் பிளான் தராதவற்றுக்காக அதோடு சேர்த்து வாங்கும் டி.ஐ.சி. என்ற துணைப் பாலிசி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதில் பொறுப்புப் பகுதி சேர்ந்திருக்கிறதா, லாஸ் அசெஸ்மென்ட் உண்டா என்று கேளுங்கள், எல்லா டி.ஐ.சி. பாலிசியிலும் இவை இருப்பதில்லை. அடியில் பொறுப்புப் பாலிசி இல்லாமல் அம்பர்லா கிடைக்காது. காட்டுத்தீ அபாயத்தால் உங்கள் குடியிருப்பில் பலரும் ஃபேர் பிளானுக்குத் தள்ளப்பட்டிருப்பார்கள், அதில் குதிரை வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். 11 வீட்டாரிடமும் பாலிசியின் முதல் பக்கத்தைக் கேட்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

உங்கள் மகளே விழுந்தால் உங்கள் சொந்தப் பொறுப்புப் பாலிசி அவளுக்குத் தராது. கூடக் குடியிருக்கும் குடும்பத்தாரின் காயத்தை அது விலக்குகிறது. மருத்துவக் காப்பீடுதான் முதலில் செலவைப் பார்க்கும். பிறகு அந்த மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், நீங்கள் பக்கத்து வீட்டாரோடு எவ்வளவு சுமுகமாக இருந்தாலும், செலவைத் திரும்பப் பெற அந்த அம்மா பக்கமும் சங்கத்தின் பக்கமும் திரும்பலாம். அதனால் அவருடைய வணிகப் பாலிசியில், யார் தவறு என்று பார்க்காமல் சிறு மருத்துவச் செலவைக் கொடுக்கும் பகுதி பாடம் கற்கும் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். சங்கப் பாலிசிக்கும் இதே கேள்வி. பொருந்தினால் 5,000 டாலருக்காவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை முறிவு போன்ற பல விஷயங்கள் அங்கேயே தீர்ந்து வழக்குவரை போகாது.

விழுந்தவர் வயதுவந்தவரானால் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம். பிள்ளைகளுக்கு அந்த 2 ஆண்டு 18 வயதில்தான் தொடங்கும். 9 வயதில் விழுந்த பிள்ளை 20 வயதுவரை வழக்குப் போடலாம். அப்போது விபத்து நடந்த ஆண்டில் இருந்த பாலிசிதான் பதில் சொல்லும். ஆகவே பாலிசி முழுவதையும் எண்டார்ஸ்மென்டுகளோடு, பெற்றோர் கையெழுத்திட்ட படிவங்களோடு, பாதை ஆய்வுக் குறிப்புகளோடு ஆண்டுவாரியாக ஸ்கேன் செய்து, நிர்வாக நிறுவனம் மாறினாலும் சங்கத்தின் கையிலேயே இருக்கும்படி 12 ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருங்கள். இதுவரை முடிந்த ஆண்டுகளின் பாலிசிகள் சங்க அலுவலகத்தில் இல்லையென்றால், புதுப்பித்தல் பேச்சு நடக்கும்போதே புரோக்கரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.